பழைய நோட்டு சேருங்க, ஆனா அதை முதலீடுன்னு சொல்லாதீங்க



"டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு இருக்கா? 5 லட்சம் ரெடி!" இந்த மாதிரி ஒரு வீடியோ உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். அதுக்கு அடுத்த நாளே வீட்ல பீரோவை உருட்டுற சத்தமும் கேட்டிருக்கும். நம்ம தென்காசி, வடகரை, செங்கோட்டை பக்கம் இது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. காரணம், இங்க பல வீட்ல ஒருத்தராவது வெளிநாட்டுல சம்பாதிச்சவங்க. தகரப் பெட்டிக்குள்ள ரியால், தினார், பழைய ரூபாய்னு ஏதாவது ஒண்ணு கிடக்கும்.

இதுல நம்ம வயசுப் பசங்க ரெண்டு விதமா மாட்டுறாங்க. ஒண்ணு, வீட்ல இருக்கிற நோட்டை விக்கப் போயி காசை இழக்கிறது. இன்னொண்ணு, "ரேர் நோட்டு, பத்து வருஷத்துல பத்து மடங்கு"ன்னு நம்பி சம்பளத்தைப் போட்டு வாங்குறது. ரெண்டாவது ஆளு ஏமாந்ததே அவருக்குத் தெரியாது. அதனால அது இன்னும் மோசம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பழைய நோட்டு சேர்க்கிறது அருமையான பொழுதுபோக்கு. ஆனா அது உங்க முதலீட்டுப் பட்டியல்ல வரக்கூடாது. சினிமா, டூர், பிரியாணி இருக்கிற செலவுப் பட்டியல்லதான் வரணும். ஏன்னு பார்க்கலாம்.

வயசானா விலை ஏறாது

"இது அம்பது வருஷப் பழசு, அப்ப விலை இருக்கும்"னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஒரு நோட்டோட விலையை முடிவு பண்றது மூணு விஷயம்: இன்னைக்கு எத்தனை மிச்சம் இருக்கு, எந்த நிலையில இருக்கு, அதைத் தேடுறவங்க எத்தனை பேர்.

ரெண்டு ஆயிரம் ரூபாய் நோட்டை எடுத்துக்குவோம். முதல் நோட்டு, தஞ்சாவூர் பெரிய கோவில் படம் போட்டது. 1954-ல வந்தது. 1978 ஜனவரியில 1000, 5000, 10000 மூணும் செல்லாதுன்னு அறிவிச்சப்போ இதுவும் போச்சு. அந்தக் காலத்துல ஆயிரம் ரூபாய் நோட்டை சாதாரண குடும்பம் கண்ணால பார்த்திருக்கிறதே கஷ்டம். அப்படியே வச்சிருந்தவங்களும் மாத்தத்தான் ஓடினாங்க. அதனால மிஞ்சினது கொஞ்சம். இன்னைக்கு சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குறாங்க.

ரெண்டாவது நோட்டு, 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாமப் போன ஆயிரம். இதையும் சிலர் "வருங்காலப் புதையல்"னு வச்சிருக்காங்க. ரிசர்வ் வங்கி கணக்குப்படி, செல்லாமப் போன 15.41 லட்சம் கோடியில 15.31 லட்சம் கோடி திரும்ப வந்துடுச்சு. 99.3 சதவீதம். "பார்த்தீங்களா, 0.7 சதவீதம்தான் மிச்சம்"னு சந்தோஷப்படாதீங்க. அந்த 0.7 சதவீதமே சுமார் 10,720 கோடி ரூபாய். எல்லாமே ஆயிரம் ரூபாய் நோட்டுன்னு வச்சாலும் 10 கோடி நோட்டுக்கு மேல வருது. எல்லாமே ஐநூறுன்னா 21 கோடி! பத்து கோடி பேர்கிட்ட இருக்கக்கூடிய பொருளை யாரு உங்ககிட்ட லட்சம் கொடுத்து வாங்குவாங்க?

டிராக்டர் நோட்டு கதையும் இதேதான். கணக்கில்லாம அச்சடிச்ச நோட்டு அது. இன்னைக்கும் கடையில கொடுத்தா 5 ரூபாய்க்குச் செல்லும். அதான் அதோட மதிப்பு.

நிஜமாவே லட்சக்கணக்குல போற நோட்டு எது?

இருக்கு. அதையும் சொல்லணும், இல்லைன்னா நான் ஒரு பக்கமா பேசுறதா ஆகிடும். நம்ம ஊருக்கும் அதுல சம்பந்தம் இருக்கலாம்.

1959-ல ரிசர்வ் வங்கி ரெண்டு வகை சிறப்பு நோட்டு விட்டது. ஒண்ணு வளைகுடா நாடுகளுக்கு. அப்போ குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமன் பக்கமெல்லாம் நம்ம ரூபாய்தான் புழக்கத்துல இருந்தது. அங்க போன ரூபாய் தங்கக் கடத்தலுக்குப் பயன்பட்டு, திரும்ப நம்மகிட்டயே வந்து அந்நியச் செலாவணியைக் கேட்டது. அதனால அங்க மட்டும் செல்லுற மாதிரி, வேற நிறத்துல, எண்ணுக்கு முன்னாடி இசட் எழுத்தோட தனி நோட்டு அச்சடிச்சாங்க. குவைத் 1961-ல தன்னோட தினாருக்கு மாறிடுச்சு. 1966-ல ரூபாய் மதிப்பைக் குறைச்சப்புறம் மிச்சம் இருந்த நாடுகளும் விலக ஆரம்பிச்சது. ஓமன் 1970 வரைக்கும் வச்சிருந்தது.

இன்னொண்ணு, ஹஜ் போறவங்களுக்கு. 10 ரூபாய், 100 ரூபாய் ரெண்டே மதிப்புதான். எண்ணுக்கு முன்னாடி ஹெச்.ஏ. எழுத்து இருக்கும். நம்ம நாட்டுக்குள்ள செல்லாது. போனவங்க அங்க செலவு பண்ணிட்டு வந்துடுவாங்க, நோட்டு சுத்தி வங்கிக்கே திரும்பிடும். அதனால மிஞ்சினது ரொம்பக் கம்மி. 2024-ல லண்டன் ஏலத்துல ஒரு 100 ரூபாய் ஹஜ் நோட்டு 50 லட்சம் ரூபாய்க்கு மேல போனதா செய்தி வந்தது.

இங்கதான் கோளாறு ஆரம்பிக்குது. அந்தச் செய்தியை வெட்டி ஒட்டி, "பழைய 100 ரூபாய் நோட்டுக்கு 50 லட்சம்"னு தலைப்பு போட்டு வீடியோ விடுறாங்க. ஹஜ் நோட்டுங்கிற வார்த்தை காணாமப் போயிடுது. பார்க்கிறவரு தன்னோட பர்ஸ்ல இருக்கிற காந்தி நோட்டை எடுத்துப் பார்க்கிறாரு.

உங்க வீட்ல அந்தக் காலத்துல ஹஜ்ஜுக்கோ வளைகுடாவுக்கோ போனவங்க இருந்தா, பெட்டியை ஒரு தடவை நிதானமா பாருங்க. தப்பே இல்ல. இருந்தா அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம்ங்கிறது வேற, முதலீடுங்கிறது வேற.

786: ஒரு சின்னக் கணக்கு

நம்ம பக்கம் ரொம்ப ஓடுற இன்னொரு சரக்கு 786 நோட்டு. நோட்டுல ஆறு இலக்க எண் இருக்கு. ஒரு வரிசைக்கு 10 லட்சம் நோட்டு. அதுல 786-னு முடியிறது சரியா 1,000 நோட்டு. அதாவது ஆயிரத்துல ஒண்ணு. கடைசியிலதான் வரணும்னு இல்லாம எங்க வந்தாலும் சரின்னா, சுமார் 4,000 நோட்டு. இருநூத்தம்பதுல ஒண்ணு! ஏ.டி.எம்.ல மாசம் பத்தாயிரம் ரூபாயை ஐநூறா எடுத்தா 20 நோட்டு. சராசரியா ஒரு வருஷத்துல உங்க கைக்கே ஒரு 786 வந்து போகும், நீங்க கவனிக்கலைன்னாலும்.

அதைப் பத்திரமா பர்ஸ்ல வச்சிக்கிறது அவங்கவங்க நம்பிக்கை. வாப்பா கொடுத்த நோட்டுன்னா அதுக்கு விலையே இல்ல. ஆனா ஆயிரத்துல ஒண்ணு கிடைக்கிற நோட்டுக்கு "3 லட்சம் தரேன்"னு ஒருத்தன் சொன்னா, அவன் வாங்க வரல, வாங்கிட்டுப் போக வர்றான்.

எண்ணுக்கு நடுவுல நட்சத்திரக் குறி இருக்கிற நோட்டும் இதே மாதிரிதான். அச்சுல பழுதான நோட்டுக்குப் பதிலா வைக்கிறது அது. 2006-ல இருந்து வருது. மத்த நோட்டு மாதிரியே செல்லும். கள்ள நோட்டும் இல்ல, புதையலும் இல்ல.

பீரோவுல தூங்குற 100 ரூபாய்

இப்ப நம்ம சேனல் வேலைக்கு வருவோம், கணக்கு.

1985-ல உங்க தாத்தா ஒரு புது 100 ரூபாய் நோட்டை மடிக்காம எடுத்து வச்சாருன்னு வைங்க. அதே நூறை 8% வட்டியில போட்டு எடுக்காம விட்டிருந்தா, 40 வருஷத்துல சுமார் 2,172 ரூபாய் ஆகியிருக்கும். அப்போ அந்த நோட்டை இன்னைக்கு 1,000 ரூபாய்க்கு வித்தா "பத்து மடங்கு லாபம்" இல்ல. பாதிக்கு மேல நஷ்டம்.

அடுத்து, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இருக்கிற இடைவெளி. ஒரு நோட்டை 1,000 ரூபாய்க்கு வியாபாரிகிட்ட வாங்குறீங்க. மறுநாளே திருப்பிக் கொடுத்தா 600 தருவாருன்னு வைங்க. அவரு மேல தப்பு இல்ல, கடை வாடகை, முடங்கிக் கிடக்கிற காசு எல்லாம் இருக்கு. ஆனா உங்க நிலைமை? நோட்டு விலை வருஷத்துக்கு 7% ஏறுச்சுன்னா, 600 திரும்ப 1,000 ஆக ஏழரை வருஷம் ஆகும். போட்ட காசை எடுக்கவே ஏழரை! சனி பகவான் கூட அதோட விட்டுடுவாரு, நீங்க அதுக்கப்புறம்தான் லாபத்தையே பார்க்க ஆரம்பிப்பீங்க.

"தங்கமும் அப்படித்தானே, செய்கூலி சேதாரம் போகுதே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா தங்கத்துக்கு தினமும் காலையில ஒரு விலை அறிவிக்கிறாங்க. எந்த ஊர்லயும் நாலு கடை ஏறி இறங்கலாம். ராத்திரி ஆஸ்பத்திரி செலவுன்னா விடியறதுக்குள்ள அடகு வைக்கலாம். பழைய நோட்டுக்கு இது எதுவும் இல்ல. விலையைச் சொல்றதும் வியாபாரி, நோட்டு எந்தத் தரம்னு சொல்றதும் வியாபாரி, வாங்குறதும் வியாபாரி. அவசரத்துக்கு மாத்த முடியாத பொருள் அவசரகால நிதியில இருக்கக்கூடாது.

"என் ஃப்ரெண்டு நோட்டு வாங்கி வித்து நல்லா சம்பாதிக்கிறானே?" சம்பாதிக்கலாம். அவரு முதலீடு பண்ணல, வியாபாரம் பண்றாரு. கண்காட்சிக்குப் போறாரு, கட்டுக்கட்டா பார்க்கிறாரு, நேரம் கொடுக்கிறாரு. அந்த நேரத்துக்கான கூலிதான் அந்த லாபம்.

அடியில பிடிமானம் இருக்கா?

நோட்டு சேகரிப்புல ஒரு விஷயம் முக்கியம்: எல்லாம் தப்பாப் போனாலும் கடைசியா யாராவது என்ன விலைக்காவது எடுத்துப்பாங்களா?

அயர்லாந்தைப் பாருங்க. அங்க 2002-ல யூரோ வந்து பழைய பவுண்டு நோட்டு புழக்கத்துல இருந்து போச்சு. ஆனா அந்த நாட்டு மத்திய வங்கி பழைய பவுண்டை இன்னைக்கும் யூரோவா மாத்திக் கொடுக்குது. கடைசித் தேதியே கிடையாது. ஒரு பவுண்டுக்கு சுமார் 1.27 யூரோ. அதனால 1928-ல வந்த லேடி லேவரி படம் போட்ட நோட்டை ஒருத்தர் சேர்த்தா, சேகரிப்பாளர் யாரும் வாங்கலைன்னாலும் முகமதிப்பாவது கைக்கு வரும்.

நம்ம ஊர்ல பழைய 1, 2, 5 ரூபாய் நோட்டுக்கு அந்தப் பிடிமானம் இருக்கு, முகமதிப்பு அளவுக்கு. ஆனா 2016-ல செல்லாமப் போன 500, 1000-க்கு அது இல்ல. அது மட்டுமில்ல, 2017-ல வந்த சட்டப்படி ஒருத்தர் 10 நோட்டுக்கு மேல வச்சிருக்கக் கூடாது. படிப்பு, ஆராய்ச்சி, நாணயச் சேகரிப்புக்குன்னா 25 வரைக்கும். மீறினா 10,000 ரூபாய் அபராதம், இல்ல நோட்டோட முகமதிப்பு மாதிரி அஞ்சு மடங்கு, ரெண்டுல எது அதிகமோ அது. இதுல பலர் கவனிக்காத இடம் ஒண்ணு: சட்டம் வச்சிருக்கிறதை மட்டும் தடுக்கல, கைமாத்துறதையும் வாங்குறதையும் சேர்த்துத்தான் தடுக்குது. விலக்கு கொடுத்திருக்கிறது "வச்சிருக்க" மட்டும்தான். அப்போ "பழைய ஆயிரம் நோட்டு விற்பனைக்கு"ன்னு வர்ற விளம்பரத்தை எப்படிப் பார்க்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஏமாத்துறது எப்படி நடக்குது

பழைய நோட்டு இருக்குன்னு நீங்க ஒரு விளம்பரம் போட்டதும் போன் வரும். விலை பேசவே மாட்டாங்க, கேட்டதுக்கு மேல ஒத்துப்பாங்க. அப்புறம் பதிவுக் கட்டணம்னு ஒரு சின்னத் தொகை. அடுத்து ஜி.எஸ்.டி. அடுத்து "ரிசர்வ் வங்கி தடையில்லாச் சான்று". ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் கூட வாட்ஸ்அப்ல வரும். ஒவ்வொரு தடவையும் "இது கட்டினா காசு ரிலீஸ்"னு சொல்லுவாங்க. ஏற்கெனவே கட்டினதை விட மனசு வராம அடுத்ததையும் கட்டுறதுதான் இதுல இருக்கிற பொறி.

2021 ஆகஸ்ட் 4 அன்னைக்கு ரிசர்வ் வங்கியே ஒரு அறிவிப்பு விட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்குறது விக்கிறதுல நாங்க இல்ல, அதுக்குக் கட்டணமோ கமிஷனோ கேட்கிறதும் இல்ல, எங்க பேர்ல கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லைன்னு. இதை விடத் தெளிவா சொல்ல முடியாது. பொருளை விக்கிறவன் காசு வாங்கணும். விக்கிறவனே காசு கட்டச் சொன்னா அது வியாபாரமே இல்ல.

காசு போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு உட்காராதீங்க. உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தக் காசை வழியிலேயே நிறுத்துற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அப்புறம் ஏன் சேர்க்கச் சொல்றேன்?

ஏன்னா பொருளாதாரத்தை இதை விட சுவாரசியமா சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் இல்ல.

ஒரு ரூபாய் நோட்டை எடுங்க. அதுல ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்காது. நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான் இருக்கும், ஏன்னா அது அரசாங்கம் நேரடியா விடுற நோட்டு. மன்மோகன் சிங் செயலாளரா ஒரு ரூபாய் நோட்டுல போட்ட கையெழுத்தும், 1982-85-ல கவர்னரா மத்த நோட்டுல போட்ட கையெழுத்தும் ரெண்டும் கிடைக்கும். நாகர்கோவில்ல பிறந்த எஸ். வெங்கிட்டரமணனும் அப்படித்தான், ரெண்டு பதவியிலயும் கையெழுத்து போட்டவரு. 1991-ல நாட்டோட தங்கத்தை அடகு வச்ச நேரத்துல கவர்னர் அவருதான். அந்தக் கையெழுத்து இருக்கிற நோட்டைக் கையில வச்சிட்டு "அவசரகால நிதி ஏன் வேணும்"னு யோசிச்சுப் பாருங்க. நாடே ஒரு தடவை அது இல்லாம மாட்டியிருக்கு.

நாணயம் பக்கம் போனா நம்ம ஊர்க் கதையே இருக்கு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோட சேர்ந்தது. சமஸ்தானக் காலத்துல அங்க சக்கரம், காசு, பணம்னு தனி நாணயம். தென்காசியில பிரிட்டிஷ் ரூபாய். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம், திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பக்கத்துப் பக்கத்து ஊர் சந்தைக்குப் போறதுக்கே நாணய மாற்று விகிதம் தெரிஞ்சிருக்கணும்! இதெல்லாம் ஒரு சக்கரத்தைக் கையில வச்சுப் பார்த்தாத்தான் புரியும்.

சேர்க்கிறவங்களுக்கு நாலு வரி

ஒண்ணு, பட்ஜெட். டெர்ம் இன்சூரன்ஸ், அவசரகால நிதி, எஸ்.ஐ.பி. மூணும் ஓடின பிறகு, கைக்கு வர்ற சம்பளத்துல 1%. 35,000 வாங்குறவருக்கு மாசம் 350. பத்து வருஷத்துல 42,000 ரூபாய். அதே காசு 10% வளர்ச்சியில ஓடியிருந்தா சுமார் 72,000 ஆகியிருக்கும் (10% உத்தரவாதம் இல்ல, கணக்குக்குச் சொல்றேன்). ஆல்பத்தை விக்கும்போது போட்டதுல 60%, அதாவது 25,000 கிடைச்சா, இந்தப் பொழுதுபோக்கோட நிஜமான செலவு 47,000. பத்து வருஷ சந்தோஷத்துக்கு இது ஓகேன்னா தாராளமா சேருங்க. இதைத் தெரிஞ்சு செலவு பண்ணுங்க, அவ்வளவுதான்.

ரெண்டு, ஒரு தலைப்பு வச்சுக்கோங்க. கண்டதையும் வாங்காம, "ஒரு ரூபாய் நோட்டு கையெழுத்துகள்" மாதிரி ஒண்ணு. பெரும்பாலானது கம்மி விலையில கிடைக்கும்.

மூணு, பராமரிப்பு. நம்ம பக்கம் சாரல் சீசன்ல துணியே காயாது, காகிதம் என்ன ஆகும்? நோட்டைத் துவைக்கிறது, இஸ்திரி போடுறது, லேமினேட் பண்றது எல்லாம் அதைக் கொல்றதுக்குச் சமம். பி.வி.சி. இல்லாத உறை, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட், சுவரை ஒட்டாத அலமாரி போதும்.

நாலு, எழுதி வைங்க. எந்த நோட்டு, எப்ப வாங்கினது, எவ்வளவுக்கு, யாருகிட்டன்னு ஒரு நோட்டுப் புத்தகத்துல. நாமினி விவரத்தோட சேர்த்து அதையும் வைங்க. நாளைக்கு உங்க ஆல்பத்தைத் திறக்கிற பிள்ளைக்கு அது வெறும் காகிதமாவும் தெரியக்கூடாது, கோடி ரூபாய்ப் புதையலாவும் தெரியக்கூடாது. ரெண்டுமே ஆபத்து. உள்ளது உள்ளபடி தெரிஞ்சா, யாரும் அவங்களை ஏமாத்த முடியாது.

நல்லா சேருங்க, நல்லா சேமிங்க. ரெண்டும் வேற வேற டப்பாவுல இருக்கட்டும். அடுத்த வீடியோல பார்க்கலாம்.